மலைக்குடிலின் கால அட்டவணை

சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் நடப்பட்டிருக்கும் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகள், அடுத்த ஊரோ கணவாயோ எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று சொல்வதில்லை. அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையே சொல்கின்றன. சமவெளியில் பழகியவருக்கு இது விந்தையாகப் படலாம். ஆனால் கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கு மேலே, ஒரு மலைக்குடிலில் உறங்கி எழுந்து அடுத்த குடிலுக்குப் புறப்பட்டுப் பல நாள்கள் தனியே நடந்து செல்பவருக்குத் தொலைவு அவ்வளவாகப் பயன்படாத ஓர் அளவு. பனியின் கெட்டித்தன்மை, ஓடையின் வேகம், பாறையின் உறுதி, வானத்தின் போக்கு, நடப்பவரின் தொடைத் தசைகளில் மிஞ்சியிருக்கும் வலு ஆகிய யாவும் அங்கே ஒரே பகலுக்குள் மணிக்கு மணி மாறுகின்றன. காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவே ஓடிய நீரை மாலை 5 மணிக்குக் கடக்க முயல்வது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே உயர்மலை நடையை விளங்கிக்கொள்ள விரும்புபவர், வரைபடத்தைப் போலவே கடிகாரத்தையும் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைவது, பிரான்சில் மோன் பிளாங்கின் அடிவாரத்திலுள்ள ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தில் மாட்டர்ஹார்னின் அடிவாரத்திலுள்ள செர்மாட் வரை செல்லும் ‘ஓத் ரூட்’ எனப்படும் உயர்வழி. 1860-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மலையேறிகள் வகுத்த மூலவழி பனியாறுகளின் மீதே செல்வது; இன்று அது பெரும்பாலும் வசந்த காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு செல்பவர்களின் வழியாக இருக்கிறது. கோடையில் நடப்பவர்களுக்கென்று பின்னர் அமைந்த வழி, பனியாறுகளைப் பெரும்பாலும் தவிர்த்து, சுமார் 200 கிலோமீட்டர் நீளத்தில் 11 கணவாய்களைத் தாண்டி, மொத்தம் 12,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றத்தோடு, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முடிகிறது. இவ்விரு வழிகளும் பிரிந்ததற்கு அடிப்படையான ஓர் இயற்பியல் காரணம் உண்டு. பனியாறு என்பது தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். நகரும்போது அதன் மேற்பகுதி பிளந்து ஆழமான வெடிப்புகள் தோன்றுகின்றன. அவ்வெடிப்புகளின் மேல் புதுப்பனி பாலம்போல் மூடிவிட்டால் கண்ணுக்கு அவை தென்படுவதில்லை. கயிற்றால் பிணைக்கப்பட்ட துணைவர் இருந்தால் விழுபவரை நிறுத்த முடியும். தனியாளுக்கு அவ்வசதி இல்லை. மேற்பனி உருகி வெடிப்புகள் வெளித்தெரியும் வெறும் பனிக்கட்டியைத் தனியே கடக்கலாம், பனி மூடிய பனியாற்றைக் கடக்கலாகாது என்ற விதி இதிலிருந்தே வந்தது.

மலையில் தங்குமிடம் என்பது பழமையான ஏற்பாடு. இவ்வழிக்குத் தெற்கே, 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயில் 11ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் வழிப்போக்கர்களுக்காக ஒரு விடுதியை நிறுவினர். பிற்காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட நாய்கள் விடுதியைவிடப் புகழ்பெற்றுவிட்டன. ஆனால் இன்றைய மலைக்குடில்கள் வேறு தேவையிலிருந்து பிறந்தவை. 1863இல் ஓல்டன் நகரில் தொடங்கப்பட்ட சுவிஸ் ஆல்பைன் சங்கம் அதே ஆண்டில் தோடி மலையில் தன் முதல் குடிலை அமைத்தது. சிகரம் ஏறுபவர்கள் விடியலுக்கு முன் புறப்பட வசதியாக, ஏறுமிடத்துக்கு இயன்றவரை அருகே ஓர் இரவு படுக்க இடம் தருவதே அதன் நோக்கம். குடிலிலிருந்து குடிலுக்கு நடப்பது பின்னால் வந்த பழக்கம். எனவே குடில்களுக்கு இடையிலான தொலைவு நடப்பவரின் வசதிக்கேற்ப அளந்து வைக்கப்பட்டதன்று. ஒரு நாள் 4 மணி நேரத்திலும் மறுநாள் 8 மணி நேரத்திலும் முடிவது இவ்வழிகளில் வழக்கமே. நேரத்தை முன்கூட்டியே கணிப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் தந்த எளிய வாய்பாடு இன்றும் புழங்குகிறது: சமதரையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை மணி நேரம். இதன்படி 12 கிலோமீட்டர் நீளமும் 900 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு நாள் நடை 4 மணி நேரத்துக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். ஆல்ப்ஸ் பகுதியில் வழங்கும் மற்றொரு கணக்கு கண்டிப்பு மிகுந்தது. மணிக்கு 4 கிலோமீட்டர் முன்னேற்றம், 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டு, கிடைத்தொலைவுக்கு ஒரு நேரத்தையும் ஏற்ற இறக்கங்களுக்கு இன்னொரு நேரத்தையும் கண்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுவது அதன் முறை. மேற்கண்ட நடையில் 700 மீட்டர் இறக்கமும் சேர்ந்திருந்தால் இக்கணக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் என்று சொல்லும். இரண்டிலும் ஓய்வு நேரம் சேரவில்லை. பாறைக் குவியல்கள் நிறைந்த உயர்மலைத் தரையில் இரண்டாவது கணக்கே உண்மைக்கு நெருங்கி நிற்கிறது. இறக்கமும் நேரம் தின்னும் என்பதை நைஸ்மித்தின் விதி கண்டுகொள்ளாமல் விட்டதே அதன் பெரிய குறை.

இறக்கம் நேரத்தோடு உடலையும் தின்கிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சுமையோடு 1,000 மீட்டர் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை சுமார் 200 கிலோகலோரி மட்டுமே. ஆனால் தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுவதால், 800 கிலோகலோரி செலவாகி, அதில் 600 வெப்பமாக வெளியேறுகிறது. ஏறுபவரின் சட்டை வியர்வையில் நனைவதும், கணவாயின் உச்சியில் காற்றுப் பட்டவுடன் உடல் நடுங்குவதும் இக்கணக்கின் விளைவுகளே. வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கையில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்குச் சற்றுக் கீழான குளிராகவே படும். இறங்கும்போது ஆற்றல் குறைவாகவே செலவாகிறது. ஆயினும் முன்தொடைத் தசை அப்போது சுருங்க முயன்றபடியே இழுபட்டு நீள்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடல் கீழே சரியாமல் தடுப்பது இந்த நீள்சுருக்க இயக்கம்தான். தசையிழைகளில் நுண்ணிய சேதம் விளைவது பெரும்பாலும் இதனால். இதன் வலி உடனே தெரிவதில்லை, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. முதல் நாள் உற்சாகமாக ஓடி இறங்கியவர் மூன்றாம் நாள் குடிலின் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்குவதற்குக் காரணம் இதுவே. ஒருமுறை இச்சேதத்துக்கு உள்ளான தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த பாதிப்போடு தாங்குகிறது என்பதால், பயணத்துக்கு முன்பே சில நாள்கள் இறங்கிப் பழகியவருக்கு இத்தொல்லை பெரிதும் குறைகிறது.

இனிப் பனி. ஆல்ப்சின் உயர்ந்த கணவாய்களில், குறிப்பாக நிழல்படும் சரிவுகளில், ஜூலை மாதத்திலும் பழைய பனிப்பரப்புகள் எஞ்சியிருக்கும். அவற்றின் தன்மையை முடிவு செய்வது முந்தைய இரவின் வானம். பனி கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்தாலும், அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய முழுக் கரும்பொருளாகவே நடந்துகொள்கிறது. அதாவது தன் வெப்பத்தை மிகத் திறமையாக வெளியே வீசிவிடுகிறது. வானம் தெளிந்த இரவில், மலையின் மெல்லிய உலர்ந்த காற்று அவ்வெப்பத்தில் சிறு பங்கையே திருப்பி அனுப்புவதால், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இரண்டு மூன்று டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்து இறுகிவிடுகிறது. மேகம் மூடிய இரவிலோ, மேகத்தின் அடிப்பகுதி வீசும் வெப்பம் பனியை வந்தடைவதால், அதே வெப்பநிலையில் பனி இளகியே கிடக்கிறது. குடிலின் வாசலில் தொங்கும் வெப்பமானியைவிட, படுக்கப் போகுமுன் விண்மீன்கள் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்ப்பது மறுநாள் பனியைப் பற்றி அதிகம் சொல்லும்.

பொதுவாக இறுகிய பனி நல்லது. கால் புதையாது, பனிக்கு அடியில் ஓடும் நீரின் மேல் அமைந்த பாலங்கள் உடையாது. ஆனால் சீக்கிரம் புறப்படுவதே எப்போதும் பாதுகாப்பு என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறாகும். சரிவு 30 டிகிரியைத் தாண்டினால், கண்ணாடிபோல் இறுகிய பனியில் சறுக்கியவர் சில நொடிகளிலேயே தம்மால் நிறுத்திக்கொள்ள முடியாத வேகத்தை எட்டிவிடுகிறார். காலணியில் மாட்டும் முள்தகடு இல்லாதவர் மேற்பரப்பு ஓரிரு சென்டிமீட்டர் இளகும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. நண்பகலுக்குப் பின் இதே பனி முழங்கால்வரை புதையும் சேறாகிவிடும். நடக்கத் தகுந்த நேரம் இவ்விரண்டுக்கும் இடையே வரும் சில மணிகள் மட்டுமே. அது சரிவு எத்திசையை நோக்குகிறது என்பதைப் பொறுத்து மாறும். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் பக்கப் பள்ளத்தாக்குகள் தெற்கு வடக்காகக் கிடப்பதால், ஷமோனியிலிருந்து செர்மாட்டை நோக்கிக் கிழக்கே நடப்பவர் பெரும்பாலான கணவாய்களை மேற்குச் சரிவின் வழியே காலை நிழலில் ஏறி, விடியலிலிருந்து வெயில் பட்டு இளகத் தொடங்கிய கிழக்குச் சரிவின் வழியே இறங்குகிறார். ஏறும்போது குளிர்ச்சி, இறங்கும்போது காலூன்ற இடம். எதிர்த்திசையில் வருபவருக்கு இந்த வசதி கிட்டுவதில்லை.

பகலில் உருகும் பனி நீராக ஓடத்தான் வேண்டும். உயர்வழியில் மோன் ஃபோர் குடிலிலிருந்து (2,457 மீட்டர்) பிராஃப்ளோரிக் குடிலுக்குச் செல்லும் நாளில், லூவி கணவாயைத் தாண்டியதும் நடப்பவர் ‘கிரான் தெசேர்’ என்னும் பனியாற்றின் அருகே, அது பின்வாங்கி விட்டுச்சென்ற வெற்றுப் பாறைப்பரப்பில் இறங்குகிறார். புல்லும் மரமும் இல்லாத அந்தச் சாம்பல்நிறப் பரப்பின் குறுக்கே ஓடும் ஓடைகள் பால்போல் கலங்கியிருக்கும். பனியாறு தன் அடியிலுள்ள பாறையை அரைத்து உண்டாக்கிய நுண்துகள் நீரில் மிதப்பதே கலங்கலுக்குக் காரணம், இதனால் ஓடையின் ஆழத்தைக் கண்ணால் அறிய முடிவதில்லை. வெயில் உச்சத்தை எட்டியபின் உருகிய நீர் பனியாற்றின் உள்வழிகளில் ஊர்ந்து வெளிவரச் சில மணிகள் பிடிப்பதால், ஓடைகள் மாலையில் பெருகி, பின்னிரவிலிருந்து அதிகாலைவரை மிகவும் தாழ்ந்திருக்கின்றன. ஓடும் நீர் காலின்மீது செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. காலையில் எண்ணிப் பாராமல் தாண்டிய ஓடை மாலையில் ஆளைப் புரட்டுவது இவ்வாறுதான்.

உருகுநீர் அடுத்த நாள் நடையில் மீண்டும் எதிர்ப்படுகிறது. ரூ கணவாயைத் தாண்டியதும் கீழே நீண்டு கிடக்கும் தீஸ் ஏரி, 1961இல் கட்டி முடிக்கப்பட்ட கிராண்ட் திக்ஸான்ஸ் அணையின் நீர்த்தேக்கம். 285 மீட்டர் உயரமுள்ள இவ்வணை, தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் எடையீர்ப்பு வகை அணைகளில் உலகிலேயே உயரமானது. 35 பனியாறுகளின் உருகுநீரை மலைக்குள் குடைந்த சுமார் 100 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள் இதில் கொண்டுவந்து சேர்க்கின்றன.

பாறையின் கடிகாரம் இவ்வளவு ஒழுங்கானதன்று. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் உறைந்த நிலையிலேயே இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்பர். ஆல்ப்சில் அது ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல், முக்கியமாக வடக்கு நோக்கிய சரிவுகளில் காணப்படுகிறது. பாறை விரிசல்களுக்குள் உறைந்திருக்கும் பனிக்கட்டி, கற்சுவரின் இடுக்குகளில் சாந்து செய்யும் வேலையைச் செய்கிறது. காலை வெயில் பட்டதும் மேற்பரப்பில் இரவு உறைந்த நீர் இளகி, சிறு கற்கள் உதிரத் தொடங்குகின்றன. இது அன்றாடச் சுழற்சி, நேரம் பார்த்து நடந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. பெருஞ்சரிவுகளுக்கு இவ்விதி பொருந்தாது. உயர்வழியின் கடைசிப் பள்ளத்தாக்கிலுள்ள ராண்டா ஊருக்கு மேலே 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை சரிந்து, செர்மாட்டுக்குச் செல்லும் ரயில்பாதையைப் புதைத்தது. சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கே பொந்தாஸ்கா பள்ளத்தாக்கில் 2017 ஆகஸ்ட் 23 அன்று செங்காலோ மலையிலிருந்து 30 லட்சம் கன மீட்டர் பாறை விழுந்தபோது, குடில்பாதையில் சென்ற 8 பேர் உயிரிழந்தனர். அது நடந்தது காலை 9.30 மணியளவில், எந்தக் கால அட்டவணையும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. ராண்டாவுக்கு மேலே 2010இல் அமைத்த தொங்குபாலத்தையும் பாறைவீழ்ச்சி விரைவிலேயே சேதப்படுத்தியதால், அபாயப் பகுதியைத் தவிர்க்கும் வகையில் 494 மீட்டர் நீளமுள்ள புதிய தொங்குபாலம் 2017இல் திறக்கப்பட்டது.

வானத்தின் அட்டவணையோ நம்பத்தகுந்தது. காலையில் வெயில் முதலில் சூடாக்குவது மலைச்சரிவுகளைத்தான்; அவற்றை ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலேறுவதால், முற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து உச்சியை நோக்கிக் காற்று வீசத் தொடங்குகிறது. அக்காற்றோடு ஏறிய ஈரம் குளிர்ந்து திரள் மேகமாகிறது. நீராவி நீர்த்துளியாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை மேலும் மேலே தள்ள, பிற்பகல் 2 மணிக்குள் அது இடிமேகமாக வளர்ந்துவிடக்கூடும். கணவாயை நண்பகலுக்கு முன்பே தாண்டிவிட வேண்டும் என்ற மலைவழக்கின் அடிப்படை இது. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். 30 நொடிக்குக் குறைந்தால் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். ஷேவ்ர் கணவாயில் (2,855 மீட்டர்) செங்குத்துப் பாறையோடு பொருத்திய இரும்பு ஏணிகளில் அத்தகைய நேரத்தில் நிற்பதைவிட மோசமான இடம் இவ்வழியில் வேறொன்று இருப்பது அரிது.

குடிலில் படுத்தபின்னும் உயரம் உடலை விட்டுவிடுவதில்லை. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்ட அளவில் ஏறத்தாழ 70 சதவீதமே. அங்கே நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அழுத்தக் கலன் இன்றிப் பருப்பு வேகவைக்க முயல்வது வீண்வேலை. 1990இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, ஆல்ப்சின் நான்கு குடில்களில் தங்கிய மலையேறிகளைப் பரிசோதித்து, தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றோடு வரும் உயரநோய் 2,850 மீட்டரில் 9 சதவீதத்தினருக்கும், 4,559 மீட்டரில் 53 சதவீதத்தினருக்கும் இருந்ததாகக் கண்டது. இரண்டாவது உயரம் இத்தாலியின் மார்கரீட்டா குடிலுடையது; 1893இல் திறக்கப்பட்ட அக்குடிலில்தான் உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோஸோ தம் புகழ்பெற்ற சோதனைகளை நடத்தினார். உறங்குபவரின் மூச்சு பெருகித் தணிந்து சில நொடிகள் நின்றே போய், மீண்டும் தொடங்குவதை அவர் பதிவு செய்தார். ஆக்சிஜன் குறைவால் மூச்சு வேகமாகிறது; அவ்வேகம் இரத்தத்தின் கரியமிலவாயுவைக் கூடுதலாக வெளியேற்றிவிடுகிறது; மூச்சைத் தூண்டுவதே அவ்வாயு என்பதால், அது குறைந்ததும் மூச்சு சற்று நின்று, வாயு சேர்ந்தபின் தொடர்கிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவரை இது அச்சுறுத்தினாலும், உடல்நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் தீங்கற்றது.

குடிலின் அன்றாட ஒழுங்கு இவை அனைத்தையும் அனுசரித்தே அமைந்துள்ளது. வந்தவர் வாசலறை அலமாரியில் காலணியைக் கழற்றி வைத்து, அங்கேயே அடுக்கியிருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். வரிசைப் படுக்கையில் குடிலின் கம்பளிக்குள் தாம் கொண்டுவந்த மெல்லிய உறைத்துணியைப் போட்டுப் படுக்கிறார். இரவு 10 மணிக்கு விளக்கு அணைகிறது. தனியே வந்தவரைப் பொறுப்பாளர் இரவு உணவின்போது ஏதேனும் ஒரு குழுவின் மேசையில் சேர்த்து உட்காரவைப்பது வழக்கம். அறிவியல் நோக்கில் இது விருந்தோம்பலைவிட மேலான பயனுடையது. அன்று காலை எதிர்த்திசையிலிருந்து கணவாயைத் தாண்டி வந்தவரே அதன் மறுபக்கத்துப் பனியையும் ஓடையையும் பற்றிய மிகப் புதிய அளவீட்டைக் கையில் வைத்திருப்பவர்.

தனியே நடப்பதன் உண்மையான இடர், விபத்து நேரும் வாய்ப்பைவிட, நேர்ந்தது வெளியே தெரிய ஆகும் தாமதத்தில் இருக்கிறது. கணுக்கால் முறிவு துணை இருந்தால் தொல்லை, துணையின்றிக் குளிரில் ஓர் இரவு கிடந்தால் உயிராபத்து. பல பள்ளத்தாக்குகளில் கைபேசி அலை எட்டுவதில்லை. குடிலின் பதிவேட்டில் பெயர், வந்த இடம், போகும் இடம் ஆகியவற்றை எழுதுவது சடங்கு போலத் தோன்றினாலும், தேடுவோர் முதலில் புரட்டுவது அப்பக்கத்தையே. முன்பதிவு செய்தவர் மாலையில் வந்து சேராவிட்டால் ஐயம் எழுகிறது. அதனால்தான் திட்டத்தை மாற்றுபவர் அடுத்த குடிலுக்குத் தெரிவிக்காமல் விடுவதை மலைநாட்டில் பெருங்குற்றமாகக் கருதுகின்றனர். கருவி ஏதும் அற்றவருக்கு, பிரிட்டிஷ் மலையேறி கிளின்டன் டென்ட் 1894இல் முன்மொழிந்த அபாயக் குறி இன்றும் செல்லும்: ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஒலியோ ஒளியோ, பின் ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு; கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று குறிகளால் பதில் தருவார்.

இந்த அட்டவணை முழுவதும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கிறது: பகலில் இளகியது இரவில் மீண்டும் உறையும். 2023 ஆகஸ்ட் 20, 21 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் சுவிட்சர்லாந்தின் மேல் வளிமண்டலத்தில் உறைநிலைக் கோடு 5,298 மீட்டரில் அளக்கப்பட்டது. ஆல்ப்சின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கோ அதைவிட ஏறத்தாழ 500 மீட்டர் தாழ்வானது. அத்தகைய நாள்களில் தெளிந்த வானம் பனியின் மேற்பரப்பைச் சற்றே இறுக்கினாலும், பாறையிடுக்கில் உள்ளதை உறையவைக்க முடிவதில்லை. 2022 கோடையில் மோன் பிளாங்கின் வழக்கமான வழியில் வழிகாட்டிகள் ஆள்களை அழைத்துச் செல்வதைக் கற்சரிவு அச்சத்தால் நிறுத்தி வைத்தனர். பெர்ன் மாநில மலைப்பகுதியிலுள்ள முட்ஹார்ன் குடில், அருகிலுள்ள பாறை நிலையிழந்ததால் 2021இலிருந்து மூடப்பட்டு, வேறிடத்தில் புதிதாகக் கட்டத் திட்டமிடப்பட்டது. பனிப்பரப்பின் உருகுநீரையே நம்பியிருந்த குடில்கள் கோடையின் பிற்பகுதியில் நீர்ப் பற்றாக்குறைக்கு ஆளாகத் தொடங்கியுள்ளதால், புதிதாக எழும் குடில்களில் நீர்த்தொட்டியின் கொள்ளளவும் அடிநிலத்தின் உறைநிலையும் படுக்கை எண்ணிக்கையைப் போலவே கணக்கில் கொள்ளப்படுகின்றன.